திருவுள்ளம் உகக்க



ஆசார்யன் திருவடிகளில் அமர்ந்து கிரந்தங்களைக் கேட்பதற்கு ஸ்ரீவைஷ்ணவர்கள் 'காலக்ஷேபம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். காலத்தைக் கழித்தல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். நாடகம், பாட்டு, வேடிக்கை முதலானவற்றை உலகத்தார் குறிக்கும் 'பொழுதுபோக்கு' என்ற சொல்லுக்கும் பொருள் அதுவேயாகும். சொல்லளவில் இரண்டும் ஒன்றாயிருக்க, ஒன்றைக் கேட்டவுடன் ஸ்ரீபாஷ்யமும் ஈடும் நினைவுக்கு வருகின்றன. மற்றொன்றைக் கேட்டவுடன் வீண்செயல் என்ற எண்ணமே எழுகின்றது. திருமழிசையாழ்வாரோ இவ்விரண்டுக்கும் நடுவே வேலி ஒன்றும் இட்டாரில்லை. தம்முடைய பொழுது எவ்வாறு போயிற்று என்பதை நான்முகன் திருவந்தாதியில் அவர் கூறுமிடத்து, எம்பெருமானைப் பற்றிய படிப்பிலும் எழுத்திலும் கேள்வியிலும் பூஜையிலும் அது போயிற்று என்று மிக எளிதாகவே சொல்லி விடுகிறார்.

தன் பொழுதைத் தான் போக்கிக்கொள்வது ஒன்று. பிறரொருவரை மகிழ்விப்பது மற்றொன்று. இரண்டாவதே இங்கு ஆராய்தற்குரியது. திருக்கோயில்களில் நடைபெறும் உத்ஸவமெல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததன்றோ! வாகனங்கள், அலங்காரம், நாகஸ்வரம், ஊஞ்சல், தெப்பம், புஷ்பப் பல்லக்கு என்று நாள்தோறும் ஒன்று. இவையெல்லாம் யாருக்காக என்று ஒரு சிறுகுழந்தை கேட்டால், 'பெருமாளுக்காக' என்பர் பெரியோர். 'பெருமாளுக்குப் பொழுது போகவில்லையா?' என்று அக்குழந்தை மறுபடியும் கேட்குமானால், சிரித்துவிட்டு அப்பால் நடப்பதே வழக்கம். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி அன்று அது. வேதாந்தத்தில் பூர்வபக்ஷமாக வைத்து விசாரிக்கப்பட்ட கேள்வியே அது.

எம்பெருமான் அவாப்த ஸமஸ்த காமன். விரும்பத்தக்கன யாவும் அவனுக்கு என்றும் கைவந்தவை. குறையொன்றும் இல்லாதவனுக்கு உலகைப் படைப்பதனால் ஆகவேண்டியது என்ன? இந்த ஆக்ஷேபத்துக்கு ப்ரஹ்ம ஸூத்ரகாரர் லீலை என்று விடை கூறினார். அதனை விளக்கப் புகுந்த எம்பெருமானார், ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசன் ஒருவன் பந்து விளையாடுவதை ஸ்ரீபாஷ்யத்தில் உதாரணமாகக் காட்டியருளினார். அவ்வரசன் எதைப் பெறுவதற்காகப் பந்தாடுகிறான்? பெறவேண்டியது ஒன்றும் இல்லை. இல்லாமையினாலேயே ஆடுகிறான்.

இவ்வுதாரணத்தின் ஆழத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். தாகமுள்ளவன் தண்ணீர் குடிப்பதை ஒருவரும் விளையாட்டு என்று சொல்லார். பசித்த குழந்தை அழும், விளையாடாது. வயிறு நிறைந்து, தாயின் முகமும் அருகில் இருக்கும்போதுதான் அது கையைக் காலை ஆட்டி விளையாடத் தொடங்குகிறது. ஆகவே விளையாட்டு என்பது குறையினின்றும் பிறப்பதன்று, நிறைவினின்றும் பொங்கி வழிவது. சலிப்புற்றவனுக்கு மருந்தாக ஏதேனும் கொடுப்பதையே 'மகிழ்வித்தல்' என்று எண்ணிப் பழகிவிட்டபடியால், நிறைவுடையவனை மகிழ்விக்க இயலுமோ என்ற ஐயம் எழுகின்றது. உண்மையில் நிறைவுடையவனையே மகிழ்விக்க இயலும். சலித்தவனுக்குக் கிடைப்பது மறதி மட்டுமே. உத்ஸவத்தில் அடியார்கள் செய்வது எம்பெருமானுடைய குறையை நிரப்புவது ஆகாது. அவன் ஆடும் ஆட்டத்தில் தாங்களும் புகுவதேயாம்.

நிற்க. ஒருவரை மகிழ்விப்பதற்கு முதலில் வேண்டுவது யாது? குரலா, வித்தையா, செல்வமா? ஸுந்தரகாண்டம் இதற்கு ஒரே இரவில் இரண்டு காட்சிகளைக் காட்டுகின்றது.

அசோகவனத்தில் பிராட்டி இருக்கும் நிலை அனைவரும் அறிந்ததே. இரவின் கடையாமத்தில் இராவணன் வருகின்றான். அவனும் பிராட்டியை மகிழ்விக்கவே வருகின்றான் என்பதை மறத்தலாகாது. இலங்கையின் செல்வத்தைச் சொல்கிறான். அந்தப்புரத்து மகளிர் அனைவரும் பணிசெய்வர் என்கிறான். ஆடை, ஆபரணம், பானம், ஆடல், பாடல் என்று ஒன்றையும் விட்டானில்லை. சாமகானம் வல்லவன், இசையறிவில் குறைந்தவனல்லன். ஆயினும் அவன் சொன்ன ஒவ்வொன்றும் பிராட்டியின் திருவுள்ளத்தில் நெருப்பாக விழுந்தது. ஒரு துரும்பை நடுவே இட்டு, அதற்கு விடைசொல்வது போல அவள் பேசினாள். இராவணனுடைய பேச்சில் ஆதிமுதல் அந்தம்வரை இருந்தது அவனுடைய ஆசை ஒன்றே. எதிரில் இருப்பவளுடைய நெஞ்சம் என்று ஒன்று இருப்பதாகவே அவன் அறிந்தானில்லை.

அவன் சென்றபின், தன் கூந்தற்பின்னலாலேயே உயிரை விட்டுவிடலாம் என்று பிராட்டி துணிந்த வேளையில், சிம்சுபா மரத்தின் இலைகளுக்கிடையே இருந்த திருவடி யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசித்த பொருள்தான் இங்கே கவனிக்கத்தக்கது. எந்த மொழியில் பேசுவது? அந்தணர் பேசுவதுபோல் ஸம்ஸ்க்ருதத்தில் பேசினால், இராவணனே வேறு உருவில் வந்திருக்கிறான் என்று பிராட்டி அஞ்சக்கூடும். திடீரென்று எதிரில் குதித்தால் கூவிவிடுவாள், அரக்கியர் விழித்துக்கொள்வர், வந்த காரியம் கெடும். பேசாதிருந்தாலோ பொழுது விடிவதற்குள் உயிரே போய்விடும். எல்லாவற்றையும் எண்ணி, மானிடர் பேசும் மொழியில், மெல்லிய இனிய குரலில், அவள் கேட்கும் தூரத்திலிருந்து, தசரதன் என்றோர் அரசன் இருந்தான் என்று தொடங்கி இராமகதையைச் சொல்லலானார்.

கடலைத் தாண்டியது பெரிய செயல் என்று உலகம் கொண்டாடுகின்றது. கடலைத் தாண்டி வந்தவர், ஒரு பெண்மணியின் காதுக்கு எது அச்சம் தாராது என்று மரக்கிளையில் அமர்ந்து எண்ணிப்பார்த்ததை அதனினும் பெரிதாகக் கொள்வதே தகும். பாட்டும் கதையும் கூத்தும் யாருக்காக நிகழ்கின்றனவோ, அவர்தம் நெஞ்சத்தை முன்னதாகவே சென்று பார்த்து வருதல் வேண்டும். வித்தை அதன் பின்னர்.

எம்பெருமானார் வாழ்விலும் இதற்கு இசைந்த வரலாறு ஒன்று உண்டு. ஆளவந்தாரின் திருக்குமாரரான திருவரங்கப்பெருமாள் அரையரிடம் அர்த்த விசேஷங்களைப் பெற விரும்பிய எம்பெருமானார், ஆறு மாத காலம் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சள்காப்பு அரைத்துச் சாத்தியும் பணிபுரிந்தார் என்று குருபரம்பரை கூறும். ஒருநாள் தாம் சாத்திய மஞ்சள்காப்பு அரையர் திருவுள்ளத்துக்குப் பொருந்தவில்லை என்பதை, அவர் வாய்திறந்து சொல்லாதிருக்கவே, திருமுகத்தின் குறிப்பினாலே எம்பெருமானார் உணர்ந்துகொண்டார். உடனே அதனை மாற்றிப் புதிதாக அரைத்துச் சாத்தினாராம். பாடி மகிழ்விப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை மகிழ்விக்க, யதிராஜர் அம்மிக்கல்லின் முன்னே அமர்ந்தார். முகத்தைப் பார்த்துச் செய்கின்ற இந்தப் பணியையே பூர்வர்கள் 'முகோல்லாஸம்' என்ற சொல்லால் சிறப்பித்தார்கள்.

அச்சம் என்ற ஒன்று இந்த விஷயத்தில் இரண்டு விதமாக வந்து கலக்கின்றது. பெரியாழ்வார் திருமொழியில், கண்ணன் ஆயர்பாடிப் பிள்ளைகளிடம் அப்பூச்சி காட்டுவதாகப் பத்துப் பாசுரங்கள் கொண்ட ஒரு திருமொழி அமைந்துள்ளது. பூச்சாண்டி காட்டுவது என்று இன்றும் வழங்கும் விளையாட்டுத்தான் அது. குழந்தை அலறும், அலறியபடியே சிரிக்கும், மறுபடியும் காட்டு என்னும். அஞ்சுகிறவன் தான் காப்பாற்றப்பட்டிருப்பதை அறிவான் ஆகையால் அந்த அச்சமும் இனிப்பாகிவிடுகிறது.

இந்தத் திருமொழியை அரையர் எம்பெருமானார் முன்னிலையில் அபிநயித்தபோது நிகழ்ந்ததாக ஓர் ஐதிஹ்யம் பெரியோர்களால் சொல்லப்பட்டு வருகிறது. அரையர் முதலில், ஊர்ப்பிள்ளைகள் செய்வது போலக் கண்ணிமையைப் புரட்டிக் காட்டி அபிநயம் பிடித்தார். எம்பெருமானார்க்குப் பின்னே அமர்ந்திருந்த எம்பார், தம் இரு கைகளையும் தோளின்மேல் சங்கமும் ஆழியும் ஏந்தியது போலக் காட்டினார். கண்ணன் பரத்வத்தைக் காட்டியன்றோ அஞ்சவைப்பான் என்பது அவர் குறிப்பு. அரையர் அதைக் கண்டு, அடுத்த முறை அவ்வாறே அபிநயித்தார். எம்பெருமானார் திரும்பிப் பாராமலேயே, இப்பொருளைக் காட்டியவர் பின்னேயிருக்கும் எம்பாராகவே இருக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டாராம். எம்பாருடைய ரஸிகத்தன்மையைக் காட்டவே இவ்வரலாறு எடுத்துரைக்கப்படுகிறது. அரையருடைய பெருமையையும் இதோடு சேர்த்துப் போற்றுதல் முறை. கோஷ்டியின் நடுவே நின்று ஆடும் ஒருவர், கேட்போரில் ஒருவர் கைக்குறிப்பால் சொன்ன திருத்தத்தை ஒரு நொடியும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். தம் அபிநயம் என்ற பற்று அவரிடம் இருந்திருக்குமானால் அது நடந்திராது.

இனி, அச்சத்தின் மற்றொரு வகை. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் பத்தாம் பத்தில் இரண்டு திருமொழிகளை இராவணன் இறந்தபின் எஞ்சி நின்ற அரக்கர்களின் பேச்சாகவே அருளிச்செய்திருக்கிறார். ஒன்று பொங்கத்தம், மற்றொன்று குழமணிதூரம். போரில் தோற்றவர்கள், வென்றவர்களின் முன்னே தங்கள் தோல்வியைத் தாங்களே பாடி ஆடுகின்ற கூத்துக்கள் இவை. 'எங்களைக் கொல்லாதீர்கள்' என்று வானரர்களைப் பார்த்து அவர்கள் இறைஞ்சுகின்றார்கள், இராமபிரானைப் போற்றுகின்றார்கள், இலக்குவனையும் சுக்கிரீவனையும் அனுமனையும் புகழ்கின்றார்கள், ஆடவும் செய்கின்றார்கள். ஸ்ரீரங்கத்தில் அத்யயனோத்ஸவத்தின் பகல்பத்தில் அரையர்கள் இராவண வதத்தை அபிநயித்துக் காட்டுவதைக் காணும் பக்தர்கள் ஆனந்தத்தில் ஆழ்கிறார்கள்.

வென்றவன் மகிழத் தோற்றவன் ஆடுவது மகிழ்ச்சியாகுமா? உயிருக்கு அஞ்சி ஆடுகின்ற காலில் சலங்கை கட்டியிருந்தாலும் அது கூத்தாகுமா? எஜமானன் முன்னே கைகட்டிச் சிரிக்கும் பணியாளன், கடன்கொடுத்தவனுடைய சுவையற்ற ஹாஸ்யத்துக்கும் குலுங்கிச் சிரிக்கும் கடனாளி, இவர்களெல்லாரும் குழமணிதூரம் ஆடுகிறவர்களே. இவ்வகைச் சிரிப்பால் உலகம் நிரம்பியுள்ளது. கேட்பவனுக்கும் அது உண்மையன்று என்று தெரியும். தெரிந்தும் அதனை வேண்டிப் பெறுகிறான் என்பதே இதில் உள்ள கொடுமை.

ஆழ்வாரோ வென்றவர் பக்கத்தில் நின்று பாடவில்லை. தோற்றவருடைய வாயைத் தம் வாயாகக் கொண்டார். தோழியாகவும் தாயாகவும் தலைவியாகவும் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆழ்வார்கள் மரபில், தோற்ற அரக்கனாகவும் தம்மை மாற்றிக்கொண்டது திருமங்கைமன்னனின் தனித்துணிவு. அரசனாகவும் போர்வீரனாகவும் வாழ்ந்தவர் அவர். எதிரிகள் தம் முன்னே தாழ்ந்து நிற்பது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர், தாழ்ந்து நிற்பவரின் கால்களில் தம்மை நிறுத்திப் பார்த்தார். அங்கே நின்று பாடும்போது, அரக்கரின் அச்சம் மெல்ல மெல்லப் பெருமாளின் வீரத்தில் ஈடுபாடாக மாறுவதைக் கற்பவர் உணரலாம். உயிர்ப்பிச்சைக்காகத் தொடங்கிய ஆட்டம், எதிரே நிற்பவனுடைய குணங்களைச் சொல்லச் சொல்ல வேறொன்றாகிறது. சரணமென்று வந்தவன் இராவணனேயாயினும் அபயம் உண்டு என்று சொன்னவன் முன்னிலையில் அல்லவா அந்த ஆட்டம் நிகழ்கின்றது! அதே ஆட்டம் வேறொரு வெற்றியாளன் முன்னே நிகழ்ந்திருக்குமானால் இறுதிவரை அச்சமாகவே இருந்திருக்கும்.

ஆகவே மகிழ்விப்பவனுக்கு மட்டுமே தர்மம் உண்டு என்று எண்ணலாகாது. மகிழ்விக்கப்படுபவனுக்கும் உண்டு. இதுபற்றி நூல்கள் பேசியிருப்பது குறைவு. ஆனால் வரலாறுகள் பேசுகின்றன.

நாதமுனிகள் காலத்து நிகழ்ச்சி ஒன்று. சோழன் சபையில் நடனமாதர் இருவர் பாடினார்கள். ஒருத்தி மனுஷ்யகானத்தில் பாடினாள். மற்றொருத்தி தேவகானத்தில் பாடினாள். அரசன் தனக்குப் பழகிய மனுஷ்யகானத்தைக் கொண்டாடி, மற்றவளை மதியாது விட்டான். தேவகானம் பாடியவள் வீரநாராயணபுரத்துக்கு வந்து மன்னனார் ஸந்நிதியில் பாட, நாதமுனிகள் அதன் அருமையை அறிந்து அவளுக்குக் கோயில் மரியாதை செய்வித்தார். பாட்டு அதுவே; பாடியவளும் அவளே. கேட்கும் செவி மாறியபோது பாட்டுக்கு உயிர் வந்தது. இந்நாதமுனிகளே தம் மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் திவ்யப்ரபந்தத்தை இசையுடன் கற்பித்தவர். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, திருநாராயணபுரம் ஆகிய திவ்யக்ஷேத்ரங்களில் இன்றும் நடைபெறும் அரையர் சேவை அவ்வழியில் வந்ததாகும்.

அந்நாளில் ஒரு நடனமாதுக்கு நாதமுனிகள் செய்த மரியாதை பிற்காலத்தில் எல்லா இடங்களிலும் நிலைத்ததா என்று கேட்டால், ஆம் என்று சொல்லத் துணிவார் இலர். எம்பெருமான் திருமுன்பே ஆடிப் பாடிய மகளிர் பலர், செல்வரின் கேளிக்கைக்கு உரியவர்களாக ஆக்கப்பட்டனர். அவர்கள் பாடியபோது மகிழ்ந்தவர்கள், அவர்கள் வாழ்வு குலைந்தபோது வேறுபுறம் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலானோரின் நெடுநாள் முயற்சிக்குப் பின், 1947ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சட்டம் தடுத்தது ஒரு வழக்கத்தை. மகிழ்ச்சியைப் பெற்றுக்கொண்டு, தந்தவரைக் கைவிடும் மனப்பான்மையைச் சட்டத்தால் தொட இயலாது. கேட்டவர்கள் எல்லாரும் ரஸிகர்கள் என்ற பெயரைப் பெற்றிருந்தார்கள் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இராமபிரான் கேட்ட முறை வேறு. குசலவர்கள் அயோத்தியின் சபையில் வீணையுடன் இராமாயணத்தைப் பாடுகிறார்கள். பாடுகிறவர்கள் தன் மக்கள் என்பதை இன்னும் அவன் அறியான். பொன்னாலான ஸிம்ஹாஸனத்தில் வீற்றிருந்தவன், பாட்டில் ஈடுபட்டு, மெல்ல இறங்கி வந்து, கேட்போர் கூட்டத்தில் ஒருவனாகக் கலந்தான் என்று வால்மீகி பகவான் பாலகாண்டத்தில் தெரிவிக்கிறார். மெல்ல என்ற சொல்லின் அழகை ரஸிகர்கள் உணர்வார்கள். அரசன் எழுந்தால் சபை முழுதும் எழும், பாட்டு நின்றுபோகும். ஒருவருக்கும் தெரியாதபடி இறங்கினால்தான் பாடுவோருக்கும் கேட்போருக்கும் ரஸபங்கம் நேராது. மகிழ்விக்கப்படுபவன் உயர்ந்த ஆஸனத்திலேயே இருந்துகொண்டிருக்கும்வரை அவனுக்குக் கிடைப்பது உபசாரமே. கீழே இறங்கி வந்தவனுக்கே பாட்டு கிடைத்தது. பின்னர், உத்தரகாண்டத்தில், பதினெண்ணாயிரம் பொன் கொடுக்குமாறு இராமன் பணித்தபோது, காட்டில் கிழங்கும் கனியும் உண்டு வாழும் எங்களுக்குப் பொன் எதற்கு என்று அந்தச் சிறுவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பொன்னை மறுப்பது கடினந்தான், ஆயினும் செய்துவிடலாம். மறுக்க அரிதான வேறொன்று உண்டு. 'நான் பாடினேன், எல்லாரும் உருகினார்கள்' என்று உள்ளுக்குள் எழுகின்ற இன்பம் அது. பொன் வெளியிலிருந்து வருவது; இது உள்ளேயே முளைப்பது. பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் த்வயத்தின் பொருளை விளக்கும்போது, கைங்கர்யத்திலும் களை உண்டென்றும், செய்கின்ற பணியைத் தன் இன்பத்துக்காகச் செய்வதே அக்களை என்றும், நம: என்னும் பதம் அதனை அறுக்கின்றதென்றும் அருளிச்செய்தார். களை என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்ததைக் கவனிக்க வேண்டும். கல் என்றோ முள் என்றோ சொல்லவில்லை. களையானது பயிரின் நடுவே, பயிருக்கு இட்ட நீரையும் எருவையும் உண்டு, பயிரைப் போலவே பசுமையாக வளர்வது. பயிர் செழிக்கும் வயலிலே களையும் செழிக்கும். நன்றாகப் பாடுகிறவர்க்கே இந்த ஆபத்து மிகுதி.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. தனக்கென இன்பம் கூடாது என்பதற்காக, இன்பமே இல்லாத முகத்துடன் ஒருவன் பாடினால் கேட்பவர் மகிழ்வாரோ? மகிழார். கடமைக்காகச் சிரிக்கும் முகத்தைக் குழந்தையும் கண்டுகொள்ளும். வாடிய முகத்துடன் ஊஞ்சலாட்டும் தாயைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிரித்ததில்லை. மகிழ்விப்பவனும் மகிழ்ந்தாக வேண்டும். அதே நேரத்தில் அம்மகிழ்ச்சி அவனுடையதாக இருக்கவும் கூடாது. இஃது எவ்வாறு கூடும்?

குலசேகரப்பெருமாள் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். நாடாண்ட அவர், திருவேங்கடமுடையான் ஸந்நிதியில் பறவையாகவோ மீனாகவோ மரமாகவோ இருக்கவேண்டும் என்று வரிசையாக ஆசைப்பட்டு, கருவறையின் வாசற்படியாகக் கிடக்கவும் விரும்பினார். இன்றும் திருமால் கோயில்களில் அப்படிக்குக் குலசேகரப்படி என்றே பெயர். படி என்பது கல். அதற்கென்று விருப்பு வெறுப்பு இல்லை. யார் மிதித்தாலும் சுளிப்பதில்லை. இதுவரையில் எளிது. ஆனால் அவ்வாறு கிடந்தபடியே எம்பெருமானுடைய சிவந்த வாயின் அழகையும் தாம் காணவேண்டும் என்கிறார் ஆழ்வார். கல்லுக்குக் கண் ஏது? வியாக்கியாதாக்கள் இவ்விடத்தில் நுட்பமான பொருளைக் காட்டுகிறார்கள். தனக்கென்று ஒன்றும் இல்லாமையில் அசேதனமான கல்லைப்போல் இருக்கவேண்டும். அவனுடைய முகமலர்ச்சியைக் கண்டு மகிழ்வதில் சேதனனாகவும் இருக்கவேண்டும். மகிழ்ச்சி இல்லாமற் போவதை ஆழ்வார் விரும்பவில்லை. அது எங்கேயிருந்து தொடங்குகிறது என்பதையே மாற்றிக்கொண்டார். அவன் சிரித்தான், ஆதலால் இவர் மகிழ்ந்தார். தாம் சிரிக்கவைத்தோம் என்பதால் அன்று.

கேட்பதற்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றும். கைத்தாளம் பிடித்து நிற்கும் அரையருக்கும், பல்லக்கைத் தோளில் தாங்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கும், மாலை கட்டும் முதியவருக்கும் இது நாள்தோறும் நேரும் சோதனை. கட்டிய மாலை திருமார்பில் சாத்தப்பட்டதும், பார்வை மாலையின்மீது செல்கிறதா, மார்பின்மீது செல்கிறதா? மாலையின்மீது சென்றாலும் பிழையென்று எவரும் தண்டிக்கப்போவதில்லை. பார்த்தவருக்கே தெரியும். புறப்பாட்டின்போது கைகளைக் கூப்புவதற்குப் பதிலாகக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் இக்காலத்து அன்பர்களுக்கும் இக்கேள்வி உரியதே. படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் அந்தச் சில வினாடிகளில் பெருமாள் கடந்து போய்விடுகிறார்.

திருக்குறுங்குடியில் வாழ்ந்த நம்பாடுவான் பாணர் குலத்தவர். கோயிலுக்குள்ளே செல்லும் உரிமை அவருக்கு இல்லை. இரவுதோறும் வெளியே நின்று நம்பியைப் பாடிவிட்டுத் திரும்புவார். தாம் பாடுவதை நம்பி கேட்டு மகிழ்கிறானா என்று அறிந்துகொள்ளக்கூட அவருக்கு வழியில்லை. முகத்தைக் காண முடியாத இடத்தில் நின்றல்லவா பாடினார்! கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி இரவில் பாடச் செல்லும் வழியில் ஒரு ப்ரஹ்மரக்ஷஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. பாடிவிட்டு வந்து உனக்கு உணவாகிறேன் என்று பதினெட்டுச் சபதங்கள் செய்து விடுதலை பெற்றுச் சென்றார், பாடினார், சொன்ன சொல் தவறாமல் திரும்பியும் வந்தார். திரும்பி வந்தவரைக் கண்ட ரக்ஷஸ்ஸுக்குப் பசி போய்விட்டது. உன்னை உண்ணவேண்டாம், இன்றிரவு நீ பாடிய பாட்டின் பலனைக் கொடு என்று கேட்டது. அவர் மறுத்தார். பாதியாவது கொடு என்றது, மறுத்தார். ஒரு யாமத்துப் பாட்டின் பலனையாவது என்றது, மறுத்தார். முடிவில், அதன் துயரத்துக்கு இரங்கி, கைசிகம் என்னும் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பலனைக் கொடுத்து அதனைச் சாபத்தினின்று விடுவித்தார். வராஹ புராணத்தில் பூமிப்பிராட்டிக்கு வராஹ நாயனார் கூறியதாக அமைந்த இக்கதைக்குப் பராசர பட்டர் வியாக்கியானம் அருளியுள்ளார்.

பலன் ஒன்றையும் விரும்பாமல் பாடியவர், தம் உயிர்போகும் நிலையிலும் கொடுக்க மறுத்த பலன்தான் எது? பொன்னோ புண்ணியமோ அவர் கணக்கில் இருந்திருக்க இடமில்லை. நம்பி கேட்டான் என்பதே அவருடைய பலன். அதைப் பங்கிட எப்படி இசைவார்? பின்னர், பசியாலும் சாபத்தாலும் வாடி நின்ற ஒரு பிறவியின் முகத்தைக் கண்டபோது, அதனையும் கொடுத்துவிட்டார்.

கைசிக ஏகாதசி இரவில் இவ்வரலாறு திருக்குறுங்குடிக் கோயிலின் மண்டபத்தில் நாடகமாக நடிக்கப்படுகிறது. இடையில் நலிவுற்றிருந்த அந்நாடகம் 1999ஆம் ஆண்டு முதல் மீண்டும் புத்துயிர் பெற்றது. வெளியில் நின்று பாடும் நம்பாடுவானைத் தான் காணவேண்டும் என்பதற்காக, நடுவே மறைத்துக்கொண்டிருந்த கொடிமரத்தை நம்பி விலகச்சொன்னான் என்று அவ்வூரார் சொல்லுவர். திருக்குறுங்குடியில் கொடிமரம் இன்றும் ஸந்நிதிக்கு நேராக இல்லை; ஒருபுறமாகச் சற்று விலகியே நிற்கிறது.